நண்டுத்திட்டு

கட்டுச்சோற்றுக்கு நல்லெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். இல்லையென்றால் அம்பத்தூரில் கட்டிய புளிச்சோறு எண்ணூர் போய்ச் சேர்வதற்குள் விறைத்துவிடும். பதினொரு வருஷம் ஊர் ஜனங்களைத் தீவுக்குக் கூட்டிப் போய் வந்ததில், அடித்துச் சொல்லக்கூடிய விஷயம் என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

என் பெயர் வரதன். வயது நாற்பத்து மூன்று. தை பிறந்தால் பங்குனி முடியும்வரை, விசேஷ நாட்களில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு விடியற்காலை ரயிலேறுவேன். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி எண்ணூரில் இறங்கினால் தோணி தயாராக நிற்கும். அங்கிருந்து காட்டுப்பள்ளித் தீவு. ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் கடல், நடுவில் சவுக்கு. குளித்து, சாப்பிட்டு, கிளிஞ்சல் பொறுக்கி, இருட்டுவதற்குள் ரயிலைப் பிடித்துவிடலாம். ஊரில் என்னைத் 'தீவு வரதன்' என்பார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள், பிறகு அதுவே பெயராகிவிட்டது.

ஆறு மாதத்துக்கு முன் சின்னப்பையன் என்கிற என் தம்பி நீரில் மூழ்கி இறந்ததை விபத்து என்று ஸ்டேஷனில் எழுதிக் கட்டி வைத்தீர்கள். உங்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பதினொரு பேர் சாட்சி சொன்னார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

தம்பிக்கு வயது முப்பத்தாறு. ஏழு வயதில் வலிப்பு கண்டது. அதோடு புத்தி வளருவது நின்றுபோனது. அம்மா போனதிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அவனைக் குளிப்பாட்டியது, சவரம் செய்துவிட்டது, ஊட்டியது எல்லாம் நான்தான். படுத்ததும் "நாளைக்கு இன்னா கொழம்பு, அண்ணாத்தே?" என்று கேட்பான். கத்தரிக்காய் என்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பான். அதற்கும் கத்தரிக்காய் என்பேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு தடவை. அவன் பேரில் எனக்குக் கோபம் இருந்ததில்லை. களைப்புதான். செருப்பில் புகுந்த மணல் மாதிரி, நடக்க நடக்க உறுத்திக்கொண்டே இருக்கிற களைப்பு. வலிப்புக்காரனை வைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் எந்தப் பெண் வாழ வருவாள்? பெண் கேட்டுப் போன மூன்று இடத்திலும் காபி கொடுத்தார்கள், அவனைப் பற்றி விசாரித்தார்கள், பிறகு ஆளனுப்பவில்லை.

சொர்ணம் வெள்ளானூர்க்காரி. புருஷன் இறந்து ஆறு வருஷமாயிற்று. எங்கள் ஜனங்களில் இரண்டாம் தாலி கட்டுவது தப்பில்லை. மூன்று வருஷமாகத் தீவுக்குப் போகிறவர்களுக்குச் சமைக்க அவளைத்தான் அழைத்துப் போவேன். அவள் உட்கார்ந்தபடியே வெங்காயம் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருக்கலாம். நாற்பது வயதுக்கு மேல் மனிதனுக்கு இப்படியும் ஓர் ஆசை வரும் என்று எனக்குத் தெரியாது. வந்த பிறகு, ஒரு வீடு, அதில் நாங்கள் இரண்டு பேர், பேச்சில்லாத ஒரு சாயங்காலம் என்பதைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை. வாயைத் திறந்து அவளைக் கேட்டதுமில்லை. தம்பியை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

இனி தண்ணீர் விஷயம். எங்கள் பக்கத்து ஜனங்கள் ஏரித் தண்ணீரில் வளர்ந்தவர்கள். அம்பத்தூர் ஏரியோ திருநின்றவூர் ஏரியோ, மழை பெய்தால் ஏறும், மதகைத் திறந்தால் இறங்கும், இல்லையென்றால் இருக்கிற இடத்தில் இருக்கும். கடல் தண்ணீர் மேகமே இல்லாமல் தினம் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும் என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் தீவுக்கு ஆள் சேர்ப்பதற்கு முன் ஆறு வருஷம் அத்திப்பட்டு உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவன். கடல் ஏற்றம் பார்த்துத்தான் உப்புப் பாத்திக்குத் தண்ணீர் விடுவோம். பௌர்ணமியன்று எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அன்று மாசி மகம், பௌர்ணமி. கழிமுகத்துக்குப் பக்கத்தில் நண்டுத்திட்டு என்று நாங்கள் சொல்கிற மணல் மேடு இருக்கிறது. பௌர்ணமிப் பிற்பகலில் நெல் அடிக்கிற களம் அளவுக்குக் காய்ந்து கிடக்கும். சாப்பாடு முடிந்ததும் சின்னத் தோணியில் தம்பியை அங்கே கொண்டுபோய் இறக்கினேன். "இங்கயே இரு. நான் வர்ற வரைக்கும் நகராத. கத்தாத" என்றேன். கிளிஞ்சல் நிறையக் கிடந்தது, அவனுக்கு ஒரே சந்தோஷம்.

நாலு மணிக்கு எல்லோரும் பெரிய தோணியில் ஏறினார்கள். திருநின்றவூர் செங்கல்வராயன் திட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி அங்க ஒண்டியா குந்திகினு கீறாரே?" என்று கேட்டார்.

"கிளிஞ்சல் பொறுக்கறான் மாமே. பாத்திரத்தக் கழுவிட்டு நான் இட்டாறேன். நீங்க போய் வண்டியப் புடிங்க" என்றேன்.

பதினொரு பேரும் பார்த்தார்கள். காய்ந்த மணல், தெளிந்த வானம், கையாட்டுகிற ஓர் ஆள். ஏரிக்கரை ஜனங்களுக்கு அதில் பயப்பட என்ன இருக்கிறது? அதைத்தான் உங்களிடம் சொன்னார்கள். தோணிக்காரன் கோவிந்தன் மட்டும், "அண்ணாத்தே, பௌர்ணமி ஏத்தம். சுருக்கா போ" என்றான். தெரியும் என்றேன். அவனும் நம்பித்தான் போனான். சொர்ணம் தோணியில் நின்றபடி தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையாட்டினாள்.

தோணி சேற்றில் மாட்டிக்கொண்டது என்று உங்களிடம் சொன்னேன். மாட்டவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மணல் போட்டுத் தேய்த்து, அலம்பி, காயவைத்து, மறுபடி தேய்த்தேன். குண்டானின் அடியில் பல வருஷமாக இருந்த கரி அன்றுதான் போனது.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் புறப்பட்டேன். வருவேன் என்று சொல்லியிருந்தேன், போனேன். திட்டு தெரியவில்லை. தம்பி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான். வேட்டி மடியில் கிளிஞ்சலைக் கட்டி, அது நனையாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். நாலு வேட்டி நீளம் தள்ளியே மூங்கிலை ஊன்றித் தோணியை நிறுத்தினேன்.

"அண்ணாத்தே, தண்ணி வந்துகினே கீது" என்றான்.

"தெரியும். நில்லு" என்றேன்.

நின்றான். சொன்னால் கேட்கிற பிள்ளை. இடுப்பு வரை வந்தபோதுகூட மடியைக் கீழே விடவில்லை. ஒரே ஒரு முறை, நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்டான். மூங்கிலை இன்னும் அழுத்தி ஊன்றினேன். பிறகு கழிமுகத்து இழுப்பு அவன் காலை வாரியது. அவன் மறுபடி தெரிகிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் கூச்சல் போட்டு, காட்டுப்பள்ளி மீனவர்களைக் கூப்பிட்டேன். நீச்சல் எனக்கு நன்றாகத் தெரியும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊரில் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்ற தாயைவிட மேலாகப் பார்த்துக்கொண்டாய் என்றார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சொர்ணத்தைத்தான் தாங்க முடியவில்லை. வாரம் ஒரு முறை வெள்ளானூரிலிருந்து நடந்து வந்து சோறு வைத்துவிட்டு, வாசலிலேயே நின்று, "பயந்திருப்பாரா? பயந்துதான் இருப்பாரு, இல்ல?" என்று கேட்கிறாள். இல்லை, சிரித்தான் என்று நான் சொல்ல முடியாது. அடுத்த வாரமும் வந்து அதையே கேட்கிறாள்.

அவள் தூண்டினாளா என்று நீங்கள் விசாரிப்பீர்கள். அந்தப் பாவத்தை அவள் மேல் போடாதீர்கள். அன்று மதியம் சவுக்கு நிழலில் தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்டியது அவள்தான். ஊட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீ இன்னாத்துக்குத் தயங்கிகினு கீறேன்னு எனக்குத் தெரியும். இவரு எனக்கு இன்னா பாரமா? மூணு பேரும் ஒரே ஊட்ல இருக்கலாம். இவர நான் பாத்துக்கறேன். நீ கொஞ்சம் குந்து."

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னாள். அவன் மறுபடி கேட்டான். அவள் மறுபடி சிரித்தாள். நான் நினைத்திருந்த வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தோம்.

இருபத்திரண்டு வருஷக் களைப்பில் செய்துவிட்டேன் என்றுதான் இந்த வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தேன். ஆனால் இனி நான் களைக்க வேண்டியதே இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான், எழுந்து போய்த் தம்பியைச் சின்னத் தோணியில் ஏற்றினேன்.