குத்பா நேரத்து மணி

வெள்ளைச் சேட்டை அயன் பண்ணுவதென்றால் கொலரில்தான் தொடங்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை நான் கொலரை முடித்துவிட்டு, சேட்டுக் கையை அவசர அவசரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. அப்போதுதான் போன் அதிர்ந்தது. மணி பன்னிரண்டு பதினொன்று. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி.

நேரத்தை நீங்கள் முதலில் கேட்டதால் அதை முதலில் சொன்னேன், சேர். மற்றதையும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் பெயர் அஸ்கி. சாய்ந்தமருது. மீனவர் சங்கத்தின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்ப்பவன். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கரையோரமாக ஐந்து குடில்கள், குடிலுக்கு ஒரு கம்ப்யூட்டர். கடலில் ஒரு படகு ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் ஐந்திலும் மணி அடிக்கும்; படகு நிற்கும் இடம் திரையில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும்; என் போனுக்கும் வரும். நான் எழுதிய புரோகிராம் என் வீட்டு மேசையில் ஓடுகிறது. அதற்குள்ளிருந்தே ஐந்து குடில்களின் கம்ப்யூட்டர்களிலும் ஒரே நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட விடலாம். யாரும் அங்கே போகத் தேவையில்லை. கையால் எதையும் தொடத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை; படகைக் கழுவுவார்கள். கழுவும்போது பொத்தானில் கை பட்டு மணி அலறும். சங்கத் தலைவர் ஹமீட் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார்.

“குத்பா ஓதக்குள்ள அந்த மணி கத்துதுடா மனே. அந்த நேரம் நம்மட ஆக்கள் ஆரும் கடல்ல இல்லதானே. அதைப் பொத்தி வையன்.”

பொத்தி வைத்தேன். வெள்ளி பன்னிரண்டு மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடி மணியை ஊமையாக்கும், திரையை உறங்க வைக்கும். ஒன்றரைக்கு இன்னொன்று ஓடி எழுப்பிவிடும். ஐந்து குடில்களின் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. காரைதீவும்தான். காரைதீவு ஆட்கள் இந்துக்கள், வெள்ளியிலும் தொழிலுக்குப் போவார்கள். அது ஹாஜியாருக்கு நினைவு வரவில்லை. எனக்கும் முதல் இரண்டு வாரம் வரவில்லை. பிறகு வந்தது.

இனி நிப்றாஸ். என் தங்கை நுஸ்ஹாவைக் கட்டியவன். இரண்டு வருடம் அடித்தான். அவளுடைய இடது காது கேட்காமல் போனது. விவாகரத்துக் கேட்டுக் காதி கோட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். முதல் மூன்று தடவையும் சபுர் செய், பொறுமையாக இரு என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் திரும்பி வந்தோம். வேறு என்ன செய்ய முடியும்? ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“கேக்கிற காதைத் தலகணியில வெச்சுப் படுக்கிறன் காக்கா. அவர் வாற சத்தம் கேக்காது.”

கூடப் பிறந்த காக்காவிடம் ஒருத்தி இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சிவப்புப் புள்ளியைத் தொட்டால் விவரம் வரும். படகு காரைதீவு ஜீவராஜுடையது. ஆட்கள் இருவர்: ஜீவராஜ், நிப்றாஸ். கரையிலிருந்து ஆறு மைல். எங்கள் ஊர்ப் படகுகளில் நிப்றாஸை யாரும் ஏற்றுவதில்லை, வாய்க்காரன். ஜீவராஜ் மட்டும் ஏற்றிக்கொண்டான். நல்ல மனுசன்.

புரோகிராம் என்னைக் கேட்டது: குடில்களை இப்போதே எழுப்பவா? ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினேன். அதை நீங்கள் பதிவில் பார்த்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் எழுதி வைக்கும்படி அதைப் பழக்கியவனும் நான்தான்.

பதிவில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். காரைதீவுக் குடிலில் இருக்கும் ஜதுசனுக்குக் கோல் எடுத்தேன். ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடியிருக்கிறதா என்று தெரிய வேண்டுமே.

“என்ன அஸ்கி அண்ணே, பள்ளிக்குப் போகல்லியா? மிசினைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறீங்களா?” என்றான். “இஞ்ச ஒரு சத்தமும் இல்ல. நல்ல பிள்ளையாத் தூங்குது.”

“சரி, நீ சாப்பிடு,” என்றேன்.

கம்ப்யூட்டர் அவனுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான் சேட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன்.

மூன்றாவது ஸஃப் வரிசையில் இடம் கிடைத்தது. போன் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது கதைக்கக் கூடாது சேர். பக்கத்தில் கதைப்பவனை ‘பேசாதே’ என்று சொல்வதுகூடக் கூடாது. முன் ஸஃப்பில் எட்டுப் படகுக்காரர்கள் இருந்தார்கள். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எட்டு எஞ்சினும் கிளம்பியிருக்கும். நான் மார்க்கத்தை மீறவில்லை. பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு அதிர்வது நின்றது. ஒன்றரைக்குக் குடில்கள் தாமாகவே எழுந்தன. அப்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஜீவராஜின் உடல் இரண்டாம் நாள் நிந்தவூரில் கரை ஒதுங்கியது. நிப்றாஸ் கிடைக்கவில்லை. ஜீவராஜின் மனைவி குடிலுக்கு வந்து, மணி அடிக்கவில்லையா என்று ஜதுசனின் சேட்டைப் பிடித்துக் கேட்டாளாம். அவன் பிறகு வேலைக்கு வரவேயில்லை. ஜீவராஜைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை என்று சொன்னால் உங்களுக்கு எழுதிக்கொள்ள இலேசாக இருக்கும். யோசித்தேன். சேட்டுக் கை ஒன்றைத் தேய்த்து முடிக்கும் நேரம் யோசித்தேன்.

தங்கையைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

தேதியைக் கேட்கிறீர்கள். ஓம், காதி கோடு நுஸ்ஹாவுக்கு விவாகரத்துக் கொடுத்தது அதற்கு முந்தைய புதன்கிழமை. அன்று பின்னேரமே நிப்றாஸ் தன் உடுப்புகளைக் கட்டிக்கொண்டு, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் மச்சான் என்று சொல்லி, நுஸ்ஹாவின் வீட்டுச் சாவியைத் தந்துவிட்டுப் போனான். சாவியைக் கையில் வாங்கியவன் நான்.