நெற்றிக் காசு

— அந்தக் குண்டு பொஸ்தகத்த கீழ வெய்யி நைனா. அது உனக்கு ஆகாது.

— ஏம்மா? லண்டன்ல அச்சு போட்டதுனு கீது. படமெல்லாம் பளபளனு கீது.

— எல்லாம் தங்கக் காசு, வெள்ளிக் காசு, ராஜா மூஞ்சி. நீ என்ன ஜமீன் ஊட்டுப் புள்ளையா? கையில என்ன காச வெச்சிகினு பொஸ்தகம் தேடறே, அத மொதல்ல சொல்லு. இந்தப் பொஸ்தகமெல்லாம் சேத்து வெச்சிட்டுப் போன எங்கூட்டுக்காரரு உசிரோட இருந்தா அதத்தான் கேப்பாரு. எந்த ஊருக் காசு, எந்த உலோகம், எத்தினி எடை. அது தெரியாம வாங்கினா பொஸ்தகம் பரண்ல தூங்கும், சொல்லிட்டேன்.

— ஆங், உங்கூட்டு பஞ்சாட்சரம் அய்யா சொன்னா சரியாத்தான் இருக்குங்க. என்னுது செம்பு. டச்சுக்காரன் காசு. பழவேற்காட்டுல கெடச்சது.

— டச்சுக்காரன் காசா? அப்போ இந்த ரெண்டாவதும் வேணாம். இது விஜயநகரத்துக் காசுக்கு. படமெல்லாம் கையால வரைஞ்சது. வரைஞ்ச புண்ணியவான் தேய்ஞ்சுபோன எழுத்தக்கூட முழுசா போட்டு வெச்சிட்டான். அத நம்பி ஒரு கள்ளக் காச வாங்கினு வந்து ரெண்டு நாள் சோறு எறங்காம கெடந்தாரு எங்கூட்டு மனுசன்.

— உங்களுக்கு அல்லாம் தெரிஞ்சிகீதே!

— முப்பது வருசம் காதுல ஓதினா தெரியாம என்ன பண்ணும்? சரி, காச காட்டு.

— காசு... எங்கிட்ட இல்லீங்க.

— இல்லாத காசுக்கு பொஸ்தகமா? கிருத்திகைக் கூட்டத்துல வெயில்ல அலைஞ்சி மூள காஞ்சிபோச்சா?

— பொய் சொல்லிட்டேன்மா. பொஸ்தகத்துக்கு வரல. அந்தக் காசுக்குத்தான் வந்தேன். அது எம்பொஞ்சாதி நெத்தியில வெச்ச காசு. பொணத்து நெத்தியில பழைய காசு இருந்தா உங்க அய்யாகிட்டதான் கொண்டாந்து குடுப்பேன்னு சுடுகாட்டு சுப்பன் சொன்னான்.

— ஐயோ சாமி. குந்து நைனா, இப்படி குந்து. பேரு என்ன?

— ஆனந்தன். கனகம்மாசத்திரம். மிலிட்டரியில இருந்தேன், போன மாசம்தான் உட்டாங்க. அவ பேரு ரஞ்சிதம். சுபானு வருசம் ஆடியில காலரா. வயித்துல ஆறு மாசம்.

— ரெண்டு உசிரா!

— ஆங். எங்க பாவா ஜெகநாதன், அக்கா புருசன், அவருதான் லெட்டர் போட்டாரு. 'நீ தாலியில கோத்துக் குடுத்த காசத்தான் அவ நெத்தியில வெச்சோம், மனச தேத்திக்கோ'னு. அந்த ஒரு வரிய சட்டப் பையில வெச்சிகினுதான்மா பர்மா சேத்துல நடந்தேன்.

— இப்ப எதுக்கு அது?

— வர்ற ஆவணியில எனக்கு மறுபடியும் கண்ணாலம். பாவாவோட தங்கச்சி கமலா. ரஞ்சிதத்த கட்டறதுக்கு முந்தியே அவளத்தான் கட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னவரு. நான் மாட்டேன்னதும் ரெண்டு வருசம் மூஞ்சி குடுத்து பேசல. இப்ப நல்லாத்தான் கீறாரு. எனக்குத்தான் மனசு ஒப்பல. அந்தக் காச ஒருதரம் கண்ணால பாத்து, அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்.

— காசு ஒண்ணுகூட இல்ல நைனா. அவரு போன பதினாறாம் நாளு, பெட்டியோட தூக்கினு போய் சரவணப் பொய்கையில கொட்டிட்டேன்.

— அம்மா!

— என்ன பண்ணச் சொல்றே? பட்டப் பகல்ல மூடின பெட்டிக்குள்ள கிணுகிணுனு சத்தம். காலரா வருசம் சில்லறைக்குப் பஞ்சம். காலணா கெடைக்காம, பூசையில வெச்சிருந்த பாட்டன் காலத்துக் காசயெல்லாம் எடுத்து நெத்தியில ஒட்டினாங்க ஜனங்க. சுப்பன் மடியில கட்டினு வந்து நிப்பான். இவரு சிரிச்சிகினே வாங்குவாரு. புளி போட்டு தேய்க்கறது நானு. சாம்பல் வாசன இன்னும் இந்தக் கையிலதான் இருக்குது.

— அப்போ ஒண்ணுமே இல்லியா?

— காசு இல்ல, தடம் இருக்குது. இந்தா, முதுகு கிழிஞ்ச மூணாவது பொஸ்தகம். டச்சுக்காரன், பிரெஞ்சுக்காரன் நம்ம கரையில அடிச்ச செம்புக் காசு எல்லாம் இதுலதான். உனக்கு ஏத்தது இதான். காசு மேல காயிதம் வெச்சி பென்சில தேய்ச்சி, அந்தந்தப் படத்துக்குப் பக்கத்துல ஒட்டிடுவாரு. கீழ செத்தவங்க பேரு, குடுத்தவங்க பேரு, நாளு. காசுக்கு அதான் ஜாதகம்னுவாரு.

— இது என்ன பேரு, பங்காருவா? எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி கீது...

— வாய்விட்டுப் படிக்காத!

— ஏம்மா?

— போன வாரம் தெரியாத்தனமா ஒரு பேர படிச்சிட்டேன். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரன் பேரு. மத்தியானம் வாசல்ல தறி அடிக்கற சத்தம். எழுந்து போய் பாத்தா ஈரக் காலடி. பேரு சொன்னா வந்து நிக்கறாங்க நைனா. காச கேட்டு நிக்கறாங்க. எனக்கு பயமா இருக்குது. யாராவது இத எடுத்துனு போனா போதும்னு இருக்கேன்.

— வரட்டும்மா. அவ வந்து நின்னா நான் ஓடியா போவேன்?

— சரி, மெதுவா பெரட்டு. பக்கம் கையோட வந்துடும்.

— இதான்! அம்மா, இதான்! மேல ஓட்ட, நான் போட்டது. ஓரத்துல பாருங்க, மூணு முடிச்சுக்கு மூணு கீறு, கண்ணாலத்தன்னிக்கி ரம்பத்தால நானே போட்டேன்!

— கண்ணத் தொடச்சிக்கோ, கண்ணீர் பட்டா பென்சில் அழிஞ்சிடும்.

— கீழ என்ன எழுதிகீது? எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க படிங்க.

— அவரு எழுத்து எனக்குத்தான் புரியும். ஆனா வேணாம் நைனா, என்ன உட்டுடு.

— உங்க காலப் புடிச்சிக்கறேன். அவளுக்குத் தாயில்ல, தகப்பனில்ல. எங்கூட்ல அவ பேர எடுத்தாலே எல்லாரும் எழுந்து போயிடறாங்க. ஒருதரம் யாராவது அந்தப் பேர சொல்லிக் கேக்கணும்மா.

— கதவ நல்லா தொறந்து வெய்யி. வர்றவ வரட்டும். எங்க... 'தாரண வருசம், மாசி மாசம்.'

— தப்பும்மா. சுபானு, ஆடி. தாரண மாசின்னா அவ போய் ஒண்ணர வருசம் கழிச்சி. சரியா பாருங்க.

— எங்கூட்டுக்காரரு சாப்பாட்ட மறப்பாரு, தேதிய மறக்கமாட்டாரு. இரு. 'நெத்திக் காசு அல்ல. தாலி அறுத்தபோது கழட்டின காசு.'

— தாலி அறுத்தாங்களா? யாரு தாலிய?

— நைனா, உம்பேரு என்னன்னு சொன்னே?

— ஆனந்தன். ஏம்மா அப்படி பாக்கறீங்க? மிச்சத்த படிங்க.

— 'குடுத்தது, பொஞ்சாதி ரஞ்சிதம், இருப்பு மணவூர், இடுப்பில் ஒண்ணேகால் வயசு ஆண் குழந்தை. சாவுச் சேதி சொன்னது, ஜெகநாதன். செத்தது, புருசன் ஆனந்தன், பர்மா சண்டையில்.'