இரண்டாவது கேள்வியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, இந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அவர்களே, தீவு அதிகாரி அவர்களே, லோசலினி அக்காவின் கணவர் ஹவிலி அத்தான் அவர்களே, மருந்தகத்தில் அவரோடு வேலை செய்த செவிலியர்களே, பாய்களில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே! எல்லாருக்கும் மேலாக, ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே மண்டபத்தில் கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

துக்கத்துக்காக என் இடுப்பில் கட்டியிருக்கும் பாயைப் பாருங்கள். பழசு, கிழிசல், நார் தொங்குகிறது. இறந்தவர் அக்கா, நான் தம்பி. நம் முறைப்படி என் இடம் பின்வாசலில், அடுப்புக்குப் பக்கத்தில். அடக்கம் முடிந்த மூன்று வாரமாக அங்கேதான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். "டாக்டர்தான் பேசணும், அவரோட தலைமையிலதானே அம்மா வேலை பார்த்தாங்க" என்று மருந்தகத்துக்காரர்கள் இழுத்துவந்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். என் தலைமையில்! அந்தத் தலைமை என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். புகழுரை கேட்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதுவும் வரும்.

செவிலியர் லோசலினி தௌஃபா என் பெரியம்மா மகள். நம் கணக்கில் சொந்த அக்காதான். அக்காவும் தம்பியும் ஓர் அறையில் தனியாக இருக்கக் கூடாது, உடம்பைப் பற்றியோ காதலைப் பற்றியோ ஒருவர் காதில் விழ மற்றவர் பேசக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அது இன்னும் ஒருபடி கண்டிப்பு. ஒன்பது ஆண்டுகள் ஒரே மருந்தகத்தில் வேலை பார்த்தோம். ஒன்பது ஆண்டுகளும் எங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் படகுக்காரர் ஃபெலெட்டி உட்கார்ந்திருப்பார். இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாரே, அவர்தான்.

அக்கா சுவரைப் பார்த்துச் சொல்வார்: "ஃபெலெட்டி, டாக்டர்கிட்ட சொல்லு, தடுப்பூசிப் பெட்டி சூடாயிடுச்சு." நான் ஜன்னலைப் பார்த்துச் சொல்வேன்: "ஃபெலெட்டி, அக்காகிட்ட சொல்லு, ஐஸ் வந்துக்கிட்டிருக்கு." இந்த மனிதர் மரவள்ளிக் கிழங்கை மென்றுகொண்டே, இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்று தெரிந்தே, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்வார். சில நாள் தன் சரக்கையும் சேர்த்துவிடுவார். "ஐஸ் வருதாம், ஆனா உங்க தம்பி நேத்தே சொல்லியிருக்கணுமாம்" என்பார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே சிரிப்பது எனக்குத் தோள் குலுங்குவதில்தான் தெரியும். அந்தச் சிரிப்பை நான் ஒரு நாளும் முகமாகப் பார்த்ததில்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

குழந்தைகளின் மனநலம் பற்றி இன்று உலகம் முழுவதும் ஆராய்ச்சி நடக்கிறது. ஏன் தூக்கம் வரவில்லை, ஏன் பள்ளிக்குப் போக மறுக்கிறார்கள், ஏன் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று தட்டைத் தள்ளுகிறது என்று எல்லா நாடுகளிலும் கேட்கிறார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நம் தீவிலும் கேட்க விரும்பியது. தீவுப் பகுதிக்குத் தலைவராக என்னை நியமித்தது. பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரை, இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், நாற்பது கேள்விகள். பதிலைப் பொறுத்து இந்தத் தீவுக்கு ஒரு மனநல ஆலோசகரை நிரந்தரமாக அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு ஒரு நாள், பெண் பிள்ளைகளுக்கு ஒரு நாள் என்றுதான் திட்டம். அக்கா போட்ட திட்டம் அது. ஆனால் கடலில் காற்று மாறியது. கப்பல் இரண்டு நாள் முன்னதாகவே, அன்று நண்பகலிலேயே கிளம்பும் என்றார்கள். அதில் தாள்களை ஏற்றாவிட்டால் கெடு தவறும், பெயர் கெடும். யார் பெயர்? என் பெயர்! அதனால் எல்லாரையும் ஒரே காலையில் இதே மண்டபத்தில் உட்கார வைத்தேன். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள், நடுவில் ஒரு முழம் இடம். சிறியவர்கள் மெதுவாக வாசிப்பார்கள், நேரமாகும். ஆகவே கேள்விகளை நானே உரக்க வாசித்தேன்.

முதல் கேள்வி, நன்றாகத் தூங்குகிறாயா? எழுதினார்கள். இரண்டாவது கேள்வி, உன் உடம்பைப் பார்த்து நீ வெட்கப்படுவதுண்டா?

இந்தத் தீவில் யாருக்கு யார் அண்ணன் தங்கை முறை ஆகாது? அந்த மண்டபத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் இருபது அண்ணன்மார் எதிரில் இருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று அதை நான் சத்தம் போட்டு வாசித்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று மன்னிக்கலாம். நான் இங்கே பிறந்தவன், இந்தப் பள்ளியில் படித்தவன், சொந்த அக்காவிடம் ஐஸ் வரும் செய்தியைக்கூட நேரில் சொல்லாதவன். எனக்குத் தெரியாதா?

அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. கதவருகே நின்ற அக்கா, மண்டபம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"ஃபெலெட்டி, அவர்கிட்ட சொல்லு, நிறுத்தச் சொல்லு. பொண்ணுங்கள நான் மருந்தகத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஃபெலெட்டி என் பக்கத்தில் வந்து, "டேய் சியோசாயா, நிறுத்துடா" என்றார். எப்போதும் வாலைச் சேர்த்துச் சொல்கிறவர் அன்று எதுவும் சேர்க்கவில்லை. எனக்கு இரண்டு முறையும் நன்றாகவே கேட்டது. துறைமுகத்தில் கப்பல் முதல் சங்கு ஊதியது. நான் மூன்றாவது கேள்வியை வாசித்தேன். அது காதலைப் பற்றிய கேள்வி.

அதற்குப் பிறகு பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கேள்வியைக் காதில் வாங்கவே இல்லை. 'இல்லை' என்ற கட்டங்களின் மேல், மேலிருந்து கீழே, ஒரே கோடாக இழுத்துவிட்டார்கள். வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றியதுண்டா என்பது முப்பத்தெட்டாவது கேள்வி. அந்தக் கோடு அதன் மேலும் போனது.

கணக்குப் போட்டால் நான்கே நான்கு பிள்ளைகள் கவலையோடு இருந்தார்கள். ஓர் ஆராய்ச்சியாளனுக்கு அங்கேயே சந்தேகம் வர வேண்டாமா? எனக்குப் பெருமை வந்தது. இந்தத் தீவின் பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள், உறவுகளுக்குள் நாம் காட்டும் மரியாதையே அவர்களைக் காக்கிறது என்று எழுதினேன். ஆக்லாந்தில் பெரிய அரங்கில் அதை வாசித்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். எந்த மரியாதை பிள்ளைகளின் வாயை அன்று அடைத்ததோ, அதையே மருந்து என்று விற்றுவிட்டு வந்தேன். நம் வழக்கத்தில் குறை இல்லை. அதன் குறுக்கே கேள்வித்தாளோடு போய் நின்றவன் நான். ஆலோசகர் வேறு தீவுக்குப் போனார்.

அக்கா நான்கு பக்கக் கடிதம் எழுதி ஃபெலெட்டியிடம் கொடுத்தனுப்பினார். அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுங்கள், மறுபடி கேட்போம், அந்தக் கோடுகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்பதுதான் சாரம். நான் மடித்து மேசையில் வைத்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா?

"ஃபெலெட்டி, அக்காகிட்ட சொல்லு. இதெல்லாம் அக்கா தம்பி பேசற விஷயமில்லன்னு சொல்லு."

பிள்ளைகளுக்காக எந்த வழக்கத்தை ஐந்து நிமிடம்கூட மதிக்கவில்லையோ, அதன் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன். நம் முறையில் தம்பியைவிட அக்கா உயர்ந்தவர். அவர் வார்த்தைக்கு நான் கட்டுப்பட்டவன். அந்தப் பாதியை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன். ஃபெலெட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். "உனக்கு வெக்கமா இல்லையாடா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து அக்காவின் பதிலைச் சொன்னார்: "அவரு பேச வேணாமாம். புள்ளைங்க பேசுவாங்களாம்."

அதன் பிறகு ஐந்து ஆண்டுகள்! சம்பளம் இல்லை, பதவி இல்லை, என்னிடமிருந்து ஒரு வார்த்தை ஆதரவும் இல்லை. பல்கலைக்கழகத்துக்குத் தானே எழுதி அனுமதி வாங்கினார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோர் கையெழுத்து வாங்கினார். மருந்தகம் மூடியதும் ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாக அழைத்து அதே நாற்பது கேள்விகளைக் கேட்டார். ஆண் பிள்ளைகளிடம் கேட்க ஃபெலெட்டிக்குப் பயிற்சி கொடுத்தார். இவர் ஒவ்வொருவனாகப் படகில் ஏற்றிப் போய், தூண்டிலைப் போட்டுவிட்டுக் கேட்டார். "மீனு வாயத் தொறக்காத அன்னிக்குப் பசங்க தொறப்பானுங்க" என்பார்.

ஊரை விட்டுப் போனவர்கள் போக நூற்று எழுபத்தொரு பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். நான்கு பேர் என்று நான் சொன்ன இடத்தில் ஐம்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். அன்றைக்கே அப்படித்தான் இருந்தது, ஏற்கெனவே தூக்கமில்லாமல்தான் கிடந்தோம் என்று அவர்களே சொன்னார்கள். பிள்ளைகளிடம் என்ன கேட்பது என்று உலகத்து அறிஞர்கள் எல்லாரும் யோசிக்கிறார்கள். யார் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பது என்று யோசித்தவர் நம் லோசலினி தௌஃபா. கேட்டதோடு விட்டாரா? அந்த ஐம்பத்தெட்டுப் பேரில் ஒருவரையும் அவர் கைவிடவில்லை. வாரத்துக்கு ஒரு பொழுது, ஆளுக்கு ஒரு நாற்காலி, ஒரு குவளைத் தேநீர். வராத ஆலோசகரின் வேலையை அவரே செய்தார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். என் மகள் மெலியாமே அன்று இங்கே இரண்டாவது பாயில் உட்கார்ந்திருந்தாள். வயது பதினைந்து. அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு செவ்வாயும் அத்தையிடம் பாய் பின்னக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்புவாள். அத்தை கூப்பிட்டால் நம்மில் யார் தடுக்க முடியும்? நானும் சாப்பாட்டு நேரத்தில் சீண்டுவேன். "ரெண்டு வருஷமா பின்றியே, பாய் எங்கம்மா? ஊர் முழுக்கப் போத்தறதுக்கா பின்ற?" என்பேன். அவள் சிரித்துவிட்டு எழுந்து போவாள்.

அடக்கத்தன்று அவள் அந்தப் பாயைக் கொண்டுவந்தாள். இரண்டு ஆண்டுச் செவ்வாய்க்கிழமைகள், ஒரு சாண் பாய். அதை அத்தையின் கைக்கடியில் வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குப் போய்ப் பழைய தாள்களைத் தேடினேன். அக்காவின் ஆராய்ச்சிக்கான பெற்றோர் சம்மதப் படிவத்தின் நகலில் என் கையெழுத்து இருந்தது. மற்றத் தாள்களோடு தாளாக வாசிக்காமலே போட்டிருக்கிறேன்.

மெலியாமேயிடம் கேட்டேன். எனக்கு அவள் சொன்னதும், உங்களிடம் சொல்ல அனுமதித்ததும் ஒரே வாக்கியம்தான். "நானும் கோடு போட்டவதான்ப்பா." அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். ஐந்து ஆண்டுகளாக எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த நாற்காலியும் ஃபெலெட்டியும் மட்டுமே இருந்தபோதும், தம்பியின் கர்வத்தை ஒரே வார்த்தையில் உடைத்துப்போட முடிந்தபோதும், அவர் அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் வார்த்தையைக் காத்தார். என் மகளைக் காத்தார். நான் ஆக்லாந்தில் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நாளை, நாளை என்று தள்ளினேன். அக்காவுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது தெரியும். நாற்காலியில் ஃபெலெட்டி இருந்தார். ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை.

இனி நான் செய்யப்போவதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். என் அறிக்கை தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிய கடிதம் திங்கட்கிழமைக் கப்பலில் போய்விட்டது. காரணத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அக்காவின் ஐந்து ஆண்டு ஆராய்ச்சி அவர் பெயரில் போகிறது, அடுத்த பெயர் ஃபெலெட்டியுடையது. என் பெயர் அதில் இல்லை. ஆலோசகர் வருவாரா? தெரியாது. வரும்வரை அந்த நாற்காலியும் தேநீரும் இருக்கும். பெண் பிள்ளைகளுக்குச் செவிலியர் அனசேனி இருப்பார், அக்காவிடமே பயின்றவர். ஆண் பிள்ளைகளுக்குப் படகு இருக்கிறது. நான் இந்தக் கிழிந்த பாயோடு விறகு பிளப்பேன், தேநீருக்குத் தண்ணீர் சுட வைப்பேன், கதவுக்கு வெளியே உட்கார்ந்து யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வேன்.

அது இன்றைக்கே தொடங்கட்டும். தலைமையாசிரியை அனுமதி தந்திருக்கிறார். பேச வேண்டும் என்று இருக்கிற பெண்கள் இந்த மண்டபத்திலேயே இருங்கள். அனசேனி இருக்கிறார். ஆண்கள் எல்லாரும், போதகர் ஐயா உட்பட, எழுந்து படகுத்துறைக்கு வாருங்கள். முதலில் நான் போகிறேன்.

அக்காவின் படம் எனக்குப் பின்னால் இருக்கிறது. இவ்வளவு நேரமும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதும் அவரிடம் நேராகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஃபெலெட்டி, எழுந்து வாய்யா. கடைசியா ஒரு தடவை. அக்காகிட்ட சொல்லு, நான் நிறுத்திட்டேன்னு சொல்லு.