அணைய மறுத்த லேப்டாப்

ஆயுத பூஜைக்கு மறுநாள், வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும். தங்கை மடியில் லேப்டாப்.

"அணைச்சா அதுவா திரும்ப எழுந்துக்குதுண்ணா! தொடையே சுடுது. நாம நெய்யிற கல்யாணப் புடவை பார்டர் டிசைன் எல்லாம் இதுலதான் இருக்குது."

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சி?"

"நான் வர்றதுக்குள்ள பூஜை போட்டியே, இதுக்கு எங்க பொட்டு வெச்ச?"

"ஓரமா வட்டமா ஒரு இடம் இருக்குதில்ல? பொட்டுக்குன்னே வுட்டிருக்கான்னு நெனச்சேன். தறிக்கு வெக்கிற மாதிரி சந்தனத்தைக் கெட்டியா வெச்சேன். காலைல தொடச்சிட்டேன்மா."

"அய்யோ, அது பவர் பட்டன்! சந்தனம் சந்துல காஞ்சிப்போயி பட்டனை அமுக்கிக்கினு இருக்குது!"

அவள் ஹேர்பின்னால் சுரண்டச் சுரண்ட, பட்டன் டக்கென்று மேலே வந்தது. லேப்டாப்பை அணைத்தாள். அணைந்தே கிடந்தது.

"அடங்கிடுச்சிபா!" என்று அண்ணன் போட்ட கூச்சலில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். அடுத்த நிமிஷமே அவன் முகம் வாடியது.

"மிச்சமிருந்த பொட்டையும் அழிச்சிட்டோமேமா, பூஜை போட்ட பொருளாச்சே."

தங்கை கைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, பட்டனுக்கு ரொம்ப தூரத்தில் ஒட்டினாள்.