நான்கு சுற்று

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆஸ்பத்திரியில் யாராவது ஓய்வு பெற்றால் வாழ்த்து மடல் எழுத என் மேஜைக்குத்தான் வருவார்கள். நான் எழுதிய தாள்களை யாரும் சந்தேகப்படாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதையும் உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் வேலை சின்னது. கர்ப்பம் என்று தெரியாமலே ஒரு பெண் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுத்துவிடுவாள். சில நாள் கழித்துத் தெரியவரும். வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு எவ்வளவு கதிர்வீச்சு போயிருக்கும் என்று நான் மதிப்பிட்டுத் தர வேண்டும். நேரே அளக்க வழியில்லை. வயிற்றுக்குள் யார் போய் மீட்டர் வைப்பது? வயிற்றின் பருமன், கதிரின் வீரியம், இயந்திரம் எத்தனை சுற்று ஓடியது என்பதை வைத்துக் கணக்குப் போடுவதுதான். கதிரளவு நூறு மில்லிகிரேயைத் தாண்டினால் எங்கள் டாக்டர்கள் கலைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். முக்கால்வாசிப் பேருக்கு முப்பதுகூட வராது.

என் மனைவிக்கும் ஒருமுறை அப்படி ஆனது. மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் எக்ஸ்ரே எடுத்தோம். நானே கணக்குப் போட்டேன். இரண்டு வந்தது. "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு," என்றேன். பெண் குழந்தை. இதயத்தில் கோளாறு. முப்பத்தாறு நாள் இருந்தது. எக்ஸ்ரேவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர்கள் அடித்துச் சொன்னார்கள். அது எனக்கே தெரியும். ஆனாலும் அதன் உடலைத் துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். இன்னொரு பெண்ணுக்கு இந்தக் கதி வரக் கூடாது என்று அப்போதே நினைத்தேன்.

பிறகு வேலையில் கூடுதல் கவனமாக இருந்தேன். எங்கள் ஸ்கேன் இயந்திரம் அரதப்பழசு. எத்தனை சுற்று ஓடியது என்பதை டெக்னீஷியன் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புவார். சீட்டு வராவிட்டால் அதிகபட்சமாக நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். அது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் சீட்டு வராவிட்டால் மாடியிறங்கிப் போய்க் கேட்பேன். அதை நிறுத்தினேன். அப்புறம், வந்த சீட்டுகளையும் இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, "சீட்டு கோப்பில் இல்லை" என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றுமில்லை. கோப்பில் இல்லைதான்.

கடைசியாக வந்தவள் தபால் கொடுக்கிற பெண். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்திருக்கிறாள். டெக்னீஷியன் மெனக்கெட்டு சீட்டோடு என் அறைக்கே வந்தார்.

"ஒரே ரவுண்டுதான் சார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

சுற்றுக்கு இருபத்தெட்டு. அவர் போன பிறகு நான்கு சுற்று என்று வைத்து, நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.

அவள் புருஷனோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"உங்க கூடப்பொறந்த தங்கச்சியா இருந்தா என்ன சார் சொல்லுவீங்க?"

"கலைச்சிடும்மான்னுதான் சொல்லுவேன்."

புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "சரி சார். நீங்க நல்லதுக்குத்தான் சொல்லுவீங்க," என்று எழுந்தாள். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

டெக்னீஷியன்தான் உங்களிடம் புகார் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என் இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்த சீட்டுகள் பதினேழு. எல்லாவற்றிலும் ஒரு சுற்று என்றுதான் இருக்கும். பதினேழு பேரும் கலைத்துக்கொண்டார்கள். பதினேழும் நான் தெரிந்தே செய்தவை.

நேற்று என் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குழந்தை போனதிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்காதவள், என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு எனக்கும் நீங்க நூறுன்னு எழுதியிருந்தா, அந்த முப்பத்தாறு நாள் எனக்குக் கிடைச்சே இருக்காது," என்றாள். "நான் சந்தோஷமா இருந்தது அந்த முப்பத்தாறு நாள்தாங்க."

பாவம், துக்கத்தில் என்னமோ பேசுகிறாள். அவள் ஒருத்தியைத்தான் என்னால் காப்பாற்ற முடியாமல் போய்விட்டது.