தட்டு மாற்றும் கை

காலை 7.40. கம்பளையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில், ஐம்பதை நெருங்கிய ஒரு பெண் தன் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். அப்படியும் விரல்கள் நடுங்கின.

“ஞாயித்துக்கிழம நிச்சயதார்த்தத்துல இந்தக் கையால எப்புடிடி தட்டு மாத்துவேன்?”

“டாக்டர் என்னக்கா சொன்னாரு?” என்று கேட்டார் பக்கத்திலிருந்த தங்கை.

“வியாதி ஒண்ணும் இல்லையாம். மாதவிலக்கு நிக்கப் போற வயசுல சிலருக்குத் தச துடிக்குமாம், கை நடுங்குமாம்.”

“அதையே சம்பந்தி வீட்டுல சொல்லிட வேண்டியதுதானே.”

“சபையில, அத்தன ஆம்பளைங்க முன்னாலயா? சொல்லலேன்னா பரம்பர நடுக்கம்னு பொண்ண வேணாங்குவாங்க.”

அப்போது அக்காவின் ஃபோன் அடித்தது. மரியாதையாகப் பேசி முடித்துவிட்டுத் தங்கையின் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ளையோட அம்மா. அவங்களுக்கும் கொஞ்ச நாளா கை நடுங்குதாம். தட்ட ஆம்பளைங்களே மாத்திக்கட்டுமாங்கிறாங்க.”

“அவங்களுக்கும் ஒன் வயசுதானேக்கா! நல்லதாப் போச்சு.”

“என்னடி நல்லது? அந்தக் குடும்பத்துல நடுக்க வியாதி இருக்கோ என்னவோ. மொதல்ல விசாரிக்கணும்.”

பஸ் பேராதனைக்கு வருவதற்குள் அக்கா இரண்டு பேருக்குக் கோல் எடுத்து விசாரித்திருந்தார்.