கோடு விழாத கடல்

கப்பலைப் பலகையில் ஒட்டுவது பெரிய வேலையில்லை சார். அதற்குக் கீழே கடல் செய்வதுதான் பாடு. விரல் நீளப் போர்க்கப்பல்தான். ஆனாலும் விளையாடும்போது அதைக் கையால் தொடக்கூடாது, பாய்மரம் முறிந்துவிடும். பலகையைப் பிடித்துத்தான் நகர்த்த வேண்டும். அதனால் ஒவ்வொரு கப்பலுக்கும் அதனதன் கடல் உண்டு.

அண்ணன்தான் எனக்கு இதைப் பழக்கிவிட்டார். பல்செட் செய்கிற கை அவருக்கு. அவர் கப்பல் கட்டுவார், நான் கடல் செய்வேன். அண்ணி காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நீலத்துணியை விரித்து, அந்தக் காலத்துக் கடற்போர்களை மறுபடி நடத்துவோம். எனக்குப் பகடை ஒருநாளும் ஒழுங்காக விழுந்ததில்லை.

"நான் எதுக்குடா சுடணும்? உன் கப்பல் தானாவே முழுகிடும்" என்பார்.

தோற்றாலும் எனக்கு மனசு நிறைந்துவிடும். கல்யாணம் காட்சி எதுவும் கூடிவராத ஆளுக்கு வேறென்ன இருக்கிறது சார்.

அன்று காலை பல் துலக்கிக்கொண்டே சொன்னார். "பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அங்கயே போயிடலாம்னு இருக்கேன். கப்பலையெல்லாம் நம்ம விளையாட்டு கிளப் ஆளுங்களுக்குக் கொடுத்துடலாம். நீ ஒண்டிக்கட்டைதானே, ஒரு சின்ன ரூமா பாத்துக்கோ."

சரிண்ணே என்றேன். கோபமெல்லாம் வரவில்லை.

அவருடைய பெரிய கப்பலுக்குக் கடல் பாக்கி இருந்தது. போகிற கப்பல் அரைகுறையாகப் போகக்கூடாது என்று சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தேன். அவருக்கு இழுப்பு உண்டு, தூசி ஆகாது. பலகையை எப்போதும் மொட்டைமாடியில்தான் தேய்ப்பேன். அன்று மழை வரும்போல இருந்தது, உள்ளேயே தேய்த்தேன். அப்புறம் அலை எழுப்புகிற ஜெல்லைப் பூசினேன். பூசியதும் பால்போல மேலே ஆடை கட்ட ஆரம்பிக்கும். அதற்குள் தூரிகையால் அலைகளை இழுத்துவிட வேண்டும். நடுவில் எழுந்தால் ஒரு கோடு விழும். பிறகு எதைப் பூசினாலும் மறையாது.

"டேய், என் இன்ஹேலர் எங்கடா?" என்று கூடத்திலிருந்து கேட்டார்.

"இதோ வரேண்ணே" என்றேன். வருவதாகத்தான் இருந்தேன். கப்பலுக்குப் பின்னால் வரும் நுரை மட்டும் பாக்கி.

அப்புறம், "தம்பி" என்றார். ஆயுசுக்கும் என்னை அவர் டேய் என்றுதான் கூப்பிட்டார். கண் கலங்கிவிட்டதால் துடைத்துக்கொண்டு மறுபடி தூரிகையை எடுத்தேன். நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது. நுரையை முடித்துவிட்டுத்தான் போனேன்.

குரல் கேட்டதும் ஜெல்லைப் போட்டது போட்டபடி ஓடினேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். நீங்கள் கிளப் செயலாளரை அழைத்துவந்து கப்பலைக் காட்டினீர்கள். அவர் பலகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாதியில எழுந்திருந்தா கோடு விழுந்திருக்கும் சார். இதுல இல்லையே" என்றார். விவரமான மனுஷர். நீங்கள் வருவதற்குள் நகத்தால் ஒரு கீறல் போட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். அண்ணன் கப்பல் சார், மனசு வரவில்லை.

அதற்காகக் கொலை என்று எழுதாதீர்கள். கை வேலையாக இருந்தது, அவ்வளவுதான். அவரைக் கொன்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை நான் யார் எதிரே உட்காருவேன்? இப்போதும் மேசையைப் பார்த்தால் அழுகை வருகிறது.

எப்போதும் மேசையிலேயே இருக்கும் இன்ஹேலர் பரண்மேல் எப்படிப் போனது என்று கேட்கிறீர்கள். ஜெல் சிந்திவிடக்கூடாதே என்று நான்தான் எடுத்து வைத்தேன். காலையில், அவர் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோதே.